பக்கத்து அறை நண்பன்



கல்லூரி விடுதியில் ஒரு மாணவன் முதன்முதலாகப் போதையைத் தொடும் நேரத்தில் பெற்றோர் பக்கத்தில் இருப்பதில்லை, பேராசிரியரும் இருப்பதில்லை. இருப்பவர்கள் நண்பர்கள்தான். “ஒரு தடவைதானே மச்சான், எல்லாரும்தான் அடிக்கிறாங்க” என்று நீட்டுகிறவனும் நண்பன். “வேண்டாம்டா, வா போலாம்” என்று கூட்டிப்போகக் கூடியவனும் நண்பன். இந்த இரண்டாவது நண்பனைக் கல்லூரிகள் எப்படி வளர்த்தெடுக்கலாம்? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இதில் நெடுநாள் அனுபவம் உண்டு. 1975இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜெரார்டோ கொன்சாலஸ் என்பவர் ‘பாக்கஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். குடியின் கேட்டை மாணவர்களிடம் மாணவர்களே எடுத்துச்சொல்வதுதான் அதன் வழி. அது பல கல்லூரிகளுக்கும் பரவியது.

1986இல் ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரிகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் செய்தது. குடிப்பதைச் சக மாணவர்கள் தாராளமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று மாணவர்கள் நம்பினார்கள். உண்மையில் பெரும்பாலோர் அவ்வளவு தாராளமாக இல்லை. ‘எல்லாரும்தான்’ என்ற எண்ணமே பொய்யாக இருந்தது.

வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகம் இந்த உண்மையைச் செயலில் காட்டியது. அங்கே விருந்துகளில் 100க்கு 70 மாணவர்கள் மிதமிஞ்சிக் குடிப்பதாக மாணவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கெடுத்தால் 43 பேர்தான். அந்தச் சரியான கணக்கையே திரும்பத் திரும்ப மாணவர்களுக்குச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் 43 என்பது 35க்கும் கீழே இறங்கியது. இந்த முறை எல்லா இடத்திலும் ஒரே அளவு பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ‘நீ தனி ஆள் இல்லை, வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்’ என்ற செய்தி, தயங்கி நிற்கிற முதலாண்டு மாணவனுக்குப் பெரிய பலம். அதை மேடையில் நின்று அதிகாரி சொல்வதைவிட, உடன் உண்டு உறங்கும் சீனியர் சொன்னால்தான் நம்புவான்.

தமிழ்நாட்டிலும் பள்ளி, கல்லூரிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் இருக்கின்றன. உறுதிமொழி எடுப்பதும் ஊர்வலம் போவதும் நல்லவைதான். ஆனால் மன்றத்தின் மெய்யான வேலை மறுநாள் காலையில் தொடங்குகிறது. வகுப்புக்கு வராமல் அறையிலேயே கிடப்பவன், காரணம் சொல்லாமல் கடன் கேட்பவன், பழைய நண்பர்களை விட்டு விலகுபவன், இவர்களை முதலில் கவனிப்பது பக்கத்து அறைக்காரன்தான். போய் உட்கார்ந்து, “என்னடா ஆச்சு?” என்று கேட்டு, குறுக்கிடாமல் காதுகொடுப்பதுதான் மன்றத்தின் மாணவத் தலைவர் கற்க வேண்டிய முதல் பாடம்.

அவர் வைத்தியர் அல்ல. குணப்படுத்தும் பொறுப்பை அவர் தோளில் ஏற்றக் கூடாது. ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ கூடவே போய் விடுவதோடு அவர் கடமை நிறைவடைகிறது. 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையானவர் போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்டால், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும்போது வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற வழி இருக்கிறது. சிகிச்சைக்குப் போனாலே சிறைதான் என்று பயந்து ஒளிபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

உயிர் காக்கும் பாடம் ஒன்றும் உண்டு. அளவுமீறிக் குடித்துச் சரிந்தவனை “தூங்கட்டும், தெளிஞ்சிடும்” என்று தனியே விடவே கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் இரத்தத்தில் மதுவின் அளவு ஏறலாம். வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அழைத்தால் நாமும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் பல கைகளைக் கட்டிப்போடுகிறது. இந்தப் பயத்தைப் போக்க அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் ஒரு விதி கொண்டுவந்தது. மது அருந்தி ஆபத்திலிருப்பவருக்காக உதவி கேட்பவர் மீதும், உதவி பெறுபவர் மீதும் விதிமீறல் நடவடிக்கை வராது என்றது அந்த விதி. அதன்பின் உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின.

கல்லூரி முதல்வர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மன்றத்து மாணவர்களை ஒற்றர்களாக்காதீர்கள். துப்புச் சொல்பவன் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், யாரும் அவனிடம் மனம் திறக்க மாட்டார்கள். விற்பவனைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. உதவி கேட்டு வரும் மாணவன் தண்டிக்கப்பட மாட்டான் என்று எழுத்தில் கொடுத்து, விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மன்றத்துக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை நியமியுங்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் பக்கத்து அறையில் யாராவது வாடிப்போயிருந்தால், இன்று இரவே போய்க் கதவைத் தட்டுங்கள்.