நோக் குளிசையும் வயிற்றின் காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. அதில் மூலிகைகளின் பெயர்களைக் காணோம். பெரும்பாலும் உணவையும் செரிமானத்தையுமே வள்ளுவர் பேசுகிறார். மருந்தென்று தலைப்பிட்டு வயிற்றைப் பற்றி அவர் பேசியதன் பொருத்தத்தை எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் உணர்ந்தேன்.

என் அப்பாச்சிக்குப் பல ஆண்டுகளாக முழங்கால் நோ. கடையில் வாங்கிய நோக் குளிசைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பார். கந்தசஷ்டி விரதம் பிடித்து இளநீரோடு இருந்தவர், கோயிலை வலம்வர வேண்டுமென்று குளிசையை மட்டும் விடவில்லை. சூரன்போருக்கு முதல்நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். “ஏதும் மருந்து குடித்தீர்களா?” என்று வைத்தியர் கேட்டபோது, “இல்லை” என்றார். குளிசையை அவர் மருந்தாகவே எண்ணவில்லை! நான் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். குழாய்க் கருவியால் பார்த்தபோது இரைப்பையில் இரத்தம் கசியும் புண் இருந்தது. இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தார். சில நாளாக மலம் கறுத்துப் போனதை விரதத்தின் விளைவென்று எண்ணி, எவருக்கும் சொல்லாதிருந்தாராம்.

நோவைத் தீர்ப்பது வயிற்றைப் புண்ணாக்குவது ஏன்? இவ்வினாவுக்கு வழிதிறந்தவர் ஜோன் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர்.

அஸ்பிரின் 1899ஆம் ஆண்டிலேயே அப்பெயரைப் பெற்றுவிட்டது. 1938இல் டவுத்வெயிற், லின்டொட் என்னும் இலண்டன் வைத்தியர் இருவர் கருவியால் இரைப்பையினுள்ளே பார்த்து, அஸ்பிரின் அதன் உட்சுவரைப் பாதிப்பதைக் கண்டனர். ஆயினும் அம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறதென்பதை எவரும் அறியார். பேர்மிங்காமில் இரசாயனம் கற்று, ஒக்ஸ்போர்ட்டில் மருந்தியலுக்கு மாறிய வேன், 1971இல் இலண்டனில் கினிப்பன்றியின் நுரையீரலைக் கொண்டு செய்த சோதனைகளால் அதனை வெளிப்படுத்தினார். நம் உடலிலே புரொஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. நோவையும் வீக்கத்தையும் வளர்ப்பவை அவை. அவை உண்டாவதையே அஸ்பிரின் தடுக்கிறது என்று அவர் காட்டினார். இத்துறை ஆராய்ச்சிக்காக 1982இல் பேர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் என்னும் சுவீடன் அறிஞரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அன்பர்களே, அதே பொருள்களே இரைப்பைக்குக் காவலும் ஆகின்றன. சளிப் படலத்தைச் சுரக்கச் செய்து, இரத்த ஓட்டத்தைப் பேணி, இரைப்பை தன் அமிலத்தால் தானே அரிபடாமற் காப்பவை அவை. முழங்காலில் தீயை அணைக்கும் மருந்து வயிற்றில் காவலையும் கலைக்கிறது. “சோறு தின்றபின் குடித்தால் ஒன்றும் செய்யாது” என்று நம்மவர் சொல்வது முழு உண்மையன்று. ஊசியாக ஏற்றினாலும் அம்மருந்து இரத்தத்தின் வழியே சென்று அக்காவலைக் குலைக்கவல்லது.

வயிற்றின் காவலைக் கலைக்காது வீக்கத்தை மட்டும் தடுக்கும் மருந்தைத் தேடியோரும் உளர். அவ்வாறு 1999இல் வந்த வயொக்ஸ் வயிற்றுக்குத் தீங்கைக் குறைத்தது, மாரடைப்பையோ மிகுவித்தது. 2004இல் அது விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. ஓரிடத்துத் தீங்கைக் குறைத்தால் இன்னோரிடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பாடம்.

பெரியோர்களே, நோவைப் பொறுத்துக் கிடவுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வைத்தியரிடம் எதையும் மறையாதீர்கள் என்றே வேண்டுகிறேன். நெடுநாள் குளிசை வேண்டியவர்க்கு இரைப்பையைக் காக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்க அவர்களால் இயலும். மலம் கறுத்தால் அன்றே செல்லுங்கள். இதயத்துக்கென வைத்தியர் தந்த அஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. மாரிகாலத்தில் டெங்குக் காய்ச்சலென ஐயுற்றால் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினக் ஆகியவற்றைத் தொடாதீர்கள். இரத்தக்கசிவை அவை மிகுவிக்கும். அக்காய்ச்சலுக்குப் பரசிற்றமோலே, அதுவும் அளவோடு.

வாலிப அன்பர்களே, விழா முடிந்து வீடு சென்றதும் உங்கள் அப்பாச்சியையோ அம்மம்மாவையோ அன்போடு அணுகி, “முடிச்சில் என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்கப் பிந்திவிட்டோம்.