மணி அடித்தால் எழுந்துவிடுவோம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். 'கணினியில் வேலை செய்யும்போது ஓய்வு எடுப்பது எப்படி' என்று 15 நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் கணினி ஆசிரியர் அல்ல. கழுத்துவலி வந்தபின் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் வீட்டில் இருப்பது பழைய மடிக்கணினி. ரேம் 2 ஜிபிதான். விண்டோஸ் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். அக்கா மகன் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்பைத் தேர்ந்தெடுத்தான். அலங்காரம் குறைவு, அதனால் நினைவகமும் குறைவாகவே போதும். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், எமிஸ் பதிவு எல்லாம் அதில்தான். கணினி வேகமானதும் எனக்கு வேறு சிக்கல் வந்தது. இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் 11 வரை எழுவதே இல்லை. கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அப்போதுதான் பொமோடோரோ முறை பற்றித் தெரிந்துகொண்டேன். இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, 1980களின் பிற்பகுதியில் கல்லூரி மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துப் படிக்கத் தொடங்கினார். பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. இப்படி 4 சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. அவ்வளவுதான் முறை.

இதற்கு ஒரு கடிகாரம் வேண்டுமே! முதலில் கைப்பேசியில் வைத்தேன். மணியை நிறுத்தக் கையில் எடுத்தால், வாட்ஸ்அப்பில் நான்கு குழுக்களின் தகவல்கள் காத்திருக்கும். ஓய்வு அதிலேயே போய்விடும். அடுத்து உலாவியில் இயங்கும் கடிகாரங்களைப் பார்த்தேன். 2 ஜிபி கணினியில் உலாவியை எப்போதும் திறந்து வைத்திருப்பது, ஏற்கெனவே நிறைந்த பேருந்தில் இன்னும் நாலு பேரை ஏற்றுவது போல.

எக்ஸ்எஃப்சிஇ முகப்புக்கென்றே 'டைமர்' என்ற சிறு துணைக்கருவி இருக்கிறது. மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவலாம். திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டையில் வலது சொடுக்குப் போட்டு, புதிய உருப்படியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டையிலேயே ஒரு சிறு கோடாக நின்று நேரம் கழிவதைக் காட்டும். 25 நிமிடம் என்று கொடுத்தால், முடிந்ததும் ஒரு சிறு பெட்டி தோன்றி நினைவூட்டும். கணினிக்குச் சுமையே இல்லை. நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிரச்சினை கருவியில் இல்லை, என்னிடம் இருந்தது. பெட்டி தோன்றும், 'இந்த ஒரு வரி முடியட்டும்' என்று மூடிவிடுவேன். மறுபடி தோன்றும், மறுபடி மூடுவேன்.

ஒருநாள் இரவு 9ஆம் வகுப்பு இடைப்பருவத் தேர்வு மதிப்பெண்களைப் பதிந்துகொண்டிருந்தேன். 3 முறை பெட்டி வந்தது, 3 முறையும் மூடினேன். பட்டியலின் நடுவில் ஒரு மாணவர் தேர்வுக்கு வரவில்லை. அவர் வரிசையில் அடுத்தவரின் மதிப்பெண்ணை அடித்துவிட்டேன். அங்கிருந்து எல்லோருக்கும் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டது. கடைசியில் ஒரு வரிசை காலியாக நின்றது. வராதவர் இவர்தான் போலும் என்று நினைத்து, 'ஆப்சென்ட்' என்று போட்டுவிட்டுப் படுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் நான்காக மடித்த விடைத்தாள். "டீச்சர், பேப்பர்ல 78 போட்டிருக்கீங்க. ரிப்போர்ட்ல 31னு இருக்கு. அப்பா பேப்பரப் பாக்கவே மாட்டேங்கிறாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய், தவறு என்னுடையது என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். மற்ற பிள்ளைகளின் அறிக்கைகளையும் திருத்திக் கொடுத்தேன்.

களைப்பு வந்தால் கை வேகம் குறையும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் கை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, கவனம்தான் முதலில் போகிறது. அது போனது நமக்குத் தெரிவதும் இல்லை. எனவே ஓய்வு எப்போது என்பதை அந்த நேரத்து மனத்திடம் விட்டுவிடக் கூடாது.

அதன்பின் நான் நிறுவியது 'வொர்க்ரேவ்' என்ற இலவச மென்பொருள். லினக்ஸில் மட்டுமல்ல, விண்டோஸிலும் கிடைக்கிறது. பழைய கணினியிலும் ஓடுகிறது. இதில் மூன்று அளவுகள் உண்டு: சில நொடிச் சிற்றோய்வு, சில நிமிட ஓய்வு, ஒரு நாளைக்கு மொத்தம் இவ்வளவு என்ற வரம்பு. நான் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நொடியும், 25 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடமும் வைத்திருக்கிறேன். அந்த 20 நொடியில் சன்னல் வழியே எதிர் வீட்டு வேப்பமரத்தைப் பார்ப்பேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை, 20 நொடி பார்க்கும்படி கண் மருத்துவர்கள் சொல்வார்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, இது கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. விசைப்பலகையும் சுட்டியும் அசைகின்றனவா என்றும் பார்க்கிறது. பால்காரர் கூப்பிட்டு நான் எழுந்து போனால், அதையும் ஓய்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எதையும் தொடாமல் நீண்ட நேரம் படிப்பவர்கள் 'வாசிப்பு நிலை'யைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையேல் நாம் ஓய்வில் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். இரண்டு, ஓய்வு நேரத்தில் திரையையும் விசைப்பலகையையும் அதுவே தடுத்துவிடும். 'தள்ளிப்போடு', 'தவிர்' என்ற பொத்தான்களை அமைப்புகளில் மறைத்துவிடலாம். நான் மறைத்துவிட்டேன். உங்களுக்கு நினைவூட்டினால் போதும் என்றால், பட்டையில் நிற்கும் டைமரே போதும். என்னைப் போன்றவர்களுக்குக் கதவைச் சாத்தும் கருவிதான் சரி.

முதல் வாரம் கோபமாக வந்தது. ஒரு சூத்திரத்தைப் பாதி அடிக்கும்போது திரை மறைந்துவிடும். 5 நிமிடம் கழித்து வந்து பார்த்தால், அந்தச் சூத்திரத்திலேயே பிழை இருப்பது கண்ணில் படும். இப்போது பட்டியலை முடித்தால் உடனே அனுப்புவதில்லை. ஒரு ஓய்வுக்குப் பின், வராதவர்களின் வரிசையை முதலில் சரிபார்த்து, பிறகே அனுப்புகிறேன்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வேலைக்கும் ஓய்வுக்குமான கடிகாரம் நம் பள்ளிகளில் எப்போதோ வந்துவிட்டது. அதுதான் பள்ளி மணி. அந்தப் பெட்டியை மூடியதைப் போலவே, அந்த மணியையும் நான் எத்தனையோ முறை மூடியிருக்கிறேன். "இந்த ஒரு கணக்கு முடிச்சிட்டுப் போகலாம்" என்பேன். 10 நிமிட இடைவேளையில் 5 நிமிடம் போய்விடும். மீதி 5 நிமிடத்தில் ஒரு வகுப்புப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் கழிப்பறைக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை, நானே திரை முன்னால் காத்திருக்கப் பழகியபின்தான் கவனித்தேன்.

இப்போது மணி அடித்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுகிறேன், கணக்கு பாதியில் நின்றாலும் சரி. மாலைச் சிறப்பு வகுப்பில் 25 நிமிடம் கணக்கு, 5 நிமிடம் வெளியே. வீட்டில் படிக்க, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 25 நிமிடம் அதிகம். 10 நிமிடத்தில் தொடங்கச் சொல்கிறேன். போர்ஷன் முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். முடிந்துவிட்டது.

எனக்குக் கொடுத்த 15 நிமிடமும் முடிந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.