களவுபோன கடவுச்சொல்

வீட்டிற் களவு போனால் வெறும் பெட்டகமே அதனைச் சொல்லிவிடும். கடவுச்சொல் களவுபோகும்பொழுது எதுவும் குறைவதில்லை. சொல் உரியவரிடமும் இருக்கிறது, கள்வனிடமும் இருக்கிறது. ஆதலால் உரியவர் அதனைப் பல்லாண்டு அறியாமலே இருந்துவிடலாம்.

அமெரிக்காவின் லிங்க்ட்இன் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுவே. உத்தியோகம் பார்ப்போரும் தேடுவோரும் தம்மைப் பதிந்துகொள்ளும் தளம் அது. 2012 யூன் மாதத்திலே அதன் 65 இலட்சம் கடவுச்சொற் குறியீடுகள் வெளியாயின. அத்துடன் விஷயம் முடிந்ததென்றே பலர் எண்ணினர். 2016 மே மாதத்திலோ 11 கோடி 70 இலட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் குறியீடுகளும் விலைக்கு வந்தன!

குறியீடு என்பது யாது? கடவுச்சொல்லைக் கணித விதியொன்றினால் அரைத்து, அந்த மாவை மாத்திரம் நிறுவனங்கள் சேமித்து வைக்கும். மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாது. கள்வனும் அதற்கு முயல்வதில்லை. மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களைத் தானும் ஒவ்வொன்றாக அரைத்து, எது ஒத்துவருகிறதெனப் பார்க்கிறான். ஒரே சொல்லைப் பதினாயிரம் பேர் வைத்திருந்தால் பதினாயிரம் கணக்குகளும் ஒருங்கே திறபடும். இதனைத் தடுக்க ஒவ்வொருவர் சொல்லுடனும் வெவ்வேறு எழுத்துக்களைக் கலந்து அரைப்பதுண்டு. ஆங்கிலத்தில் அக்கலவைக்கு 'உப்பு' என்றே பெயர். றொபேட் மொறிஸ், கென் தொம்சன் என்போர் 1979 இலேயே இதனை விளக்கி எழுதினர். 33 ஆண்டுகள் கழிந்தும் லிங்க்ட்இன் குறியீடுகளில் உப்பில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற நம்மவர் பழமொழி இத்துணைப் பொருத்தமாக வேறெங்கும் அமைந்திராது.

ஒரே திறப்பைப் பல பூட்டுகளுக்கு வைத்திருப்போருக்கே பெருஞ்சேதம். டிறொப்பொக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கணக்கு, களவுபோன கடவுச்சொல்லினாலேயே திறக்கப்பட்டது. வாடிக்கையாளரின் முகவரிகள் அவ்வழியே வெளியேறின. 2012 யூலையில் அந்நிறுவனமே இதனை அறிவித்தது. குற்றவாளியான ருஷ்யர் 2016 இல் பிராக் நகரிற் கைதாகி, 2020 இல் 88 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பரவிய பிரதிகள் திரும்பவில்லை.

இத்தகைய செய்தி கிடைத்தவர் முதலிற் காக்கவேண்டியது மின்னஞ்சற் கணக்கையே. ஏனைய கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் கடிதங்கள் அங்கேதான் வந்துசேரும். அதற்குத் தனியான, நீண்ட சொல் வேண்டும். முன்னைய சொல்லின் இறுதியில் ஓர் இலக்கத்தைக் கூட்டிவிடுவது மாற்றமாகாது. கள்வன் முதலில் முயல்வதே அது. பின்னர் வங்கிக் கணக்கு. அதன்பின் அதே சொல் வைத்த மற்றவை. இத்தனையையும் மனத்தில் வைத்தல் இயலாதாயின், கடவுச்சொற்களைக் காக்கும் செயலியொன்றை நாடலாம். பூட்டிய அலுமாரியிலுள்ள கொப்பியும் ஒரே சொல்லைப் பத்திடத்தில் வைப்பதிலும் மேலானது. கைத்தொலைபேசியிற் பெறும் இரண்டாவது குறியெண்ணையும் கணக்குடன் இணைத்தல் நன்று. அவ்வெண்ணைத் தொலைபேசியிற் கேட்பவர் வங்கி உத்தியோகத்தராகத் தம்மைச் சொல்லிக்கொண்டாலும் கொடுத்தலாகாது.

பழைய கடவுச்சொல்லை எழுதிக்காட்டி, பணம் கேட்டு மிரட்டும் கடிதங்களும் 2018 முதல் பரவின. பெரும்பாலும் அக்கடிதக்காரன் கையிலுள்ளது அச்சொல் ஒன்றே. ட்ரோய் ஹன்ட் என்பவர் 2013 இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்திலே மின்னஞ்சல் முகவரியை இட்டால், அது எந்தக் களவுகளில் அகப்பட்டதெனக் கட்டணமின்றி அறியலாம்.