குழியில் இறங்கும் முன்

திண்டுக்கல் என்றதும் பூட்டையும் பிரியாணியையும் நினைக்கிற நாம், பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளை நினைப்பதில்லை. அந்த வழியே போக நேர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்துவிடுகிறோம். அந்த வாடைக்குள் நாள் முழுவதும் நின்று ஜீவனம் செய்பவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தோலிலுள்ள ரோமத்தைக் களையச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு என்னும் இரசாயனத்தையும் கலந்து ஊறவைக்கிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலம் கலந்த நீரோடு சேர்ந்தாலும், மூடிய தொட்டியில் சேறு நாட்கணக்கில் தேங்கி அழுகினாலும், ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய இவ்வாயு, காற்றினும் கனமானதாகையால் கழிவுக் குழியின் அடியிலேயே படிந்து கிடக்கும்; அன்றியும், அளவு மிகும்போது முகரும் சக்தியையே மரக்கச் செய்துவிடும். "வாடை அடங்கிவிட்டது, இறங்கலாம்" என்று தொழிலாளி எண்ணும் க்ஷணமே பிராணாபாயமான க்ஷணமாக இருக்கக்கூடும்.

குழியைச் சுத்தம் செய்ய முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கிவிடும் பதைப்பில் மேலே நின்றவர் குதிக்க, அவருக்குப் பின் மற்றொருவரும் குதிக்க, இப்படி ஒரே குழியில் பலர் மாண்டுபோவது இத்தொழிலில் நேர்கிற கொடுமை. இதைக் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. முதல் ஆளின் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தால், இரண்டாமவர் குதித்திருக்கவே வேண்டியதில்லை அல்லவா?

இது புதிய யோசனையுமன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே, தகுதியுள்ளவர் வாயுவைப் பரிசோதித்து எழுத்துமூலம் சான்று தரவேண்டும், இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்புவாரும் அணிந்து, வாரில் பிணைத்த கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று விதித்தது. ஆபத்து குழிக்குள் மட்டுமன்று: இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, அருகிலிருந்த தோல் ஷாப்பில் இரவு தங்கியிருந்த 10 பேர் சேற்றில் மாண்டனர். குழியில் இறங்காதவரையும் இக்கழிவு விட்டுவைப்பதில்லை.

ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடன்பிறந்தவரேயாயினும், பின்தொடர்ந்து இறங்காமல் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். ஷாப்பு நடத்தும் முதலாளிகளும் மேஸ்திரிகளும் நாளைக் காலை ஆளை இறக்குவதற்கு முன், கயிறும் சுவாசக் கருவியும் எந்த அறையில் இருக்கின்றன, அவ்வறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டுகிறேன்.