எந்த இடத்தை முதலாவதாகப் போடுவது?



இந்தப் பாடசாலையில் படித்து, இலங்கையில் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் வதிவிட வைத்தியப் பயிற்சியை முடித்தவர்கள் எங்களில் சிலர் இருக்கிறோம். தை, மாசி மாதங்களில் தங்கைமாரிடமிருந்து எங்களுக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, நேர்முகமெல்லாம் முடிஞ்சுது. எந்த இடத்தை முதலாவதாப் போடுறது?" அதற்கு நாங்கள் சொல்லும் பதிலை இன்று இச்சபையில் சொல்கிறோம்.

அங்கே பயிற்சி இடத்தைத் தீர்மானிப்பது 'மட்ச்' என்னும் முறை. 1952 முதல் நடந்து வருகிறது. நேர்முகங்கள் முடிந்ததும் வைத்தியர்கள் தாம் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்துவார்கள். வைத்தியசாலைகளும் வைத்தியர்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் கணினி பொருத்தி, மார்ச் மாதத்தில் முடிவைத் தரும். கிடைத்த இடத்துக்குப் போயே ஆகவேண்டும். பொது மருத்துவம் என்றால் 3 வருடங்கள்.

கணினி உங்கள் முதல் விருப்பத்தையே முதலில் முயன்று பார்க்கும். கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். எட்டாத இடத்தை முதலில் போட்டதால் இரண்டாவது கைநழுவிப் போகாது. ஆகவே, "அவை நல்லாக் கதைச்சவை, கட்டாயம் எடுப்பினம்" என்று வரிசையை மாற்றாதீர்கள். இனிக்க இனிக்க மின்னஞ்சல் எழுதிய இடத்தை மேலே போட்டு, அது கிடைக்காவிட்டால் நட்டமில்லை. கிடைத்துவிட்டால்தான் நட்டம். உண்மையில் விரும்பிய இடத்தை நீங்களே விட்டுவிட்டீர்கள்.

அப்படியானால் விரும்புவதற்கு உரிய இடம் எது? அதை அங்கே பயிலும் இளம் வைத்தியர்களிடம் கேளுங்கள். வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்பது நான்கு வாரச் சராசரியில் உச்சவரம்பு. உண்மையில் எவ்வளவு வேலை? இரவு இரண்டு மணிக்கு நோயாளி மோசமானால், கூப்பிட யார் வருவார்? தொடங்கியவர்களில் எத்தனைபேர் முடித்தார்கள்? முடித்தவர்கள் எங்கே போனார்கள்?

எங்களில் ஒருத்தி போன வைத்தியசாலையில், மதிய உணவின்போது பணிப்பாளர் இருக்கும்வரை பயிலுநர்கள் வாய் திறக்கவில்லை. அவர் எழும்பிப் போனதும் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "இரவில் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை." அந்த இடம் எங்கள் தோழியின் பட்டியலில் ஏறவே இல்லை. 2020க்குப் பின் நேர்முகங்கள் பெரும்பாலும் திரையில் நடக்கின்றன. அந்த உணவு மேசை இப்போது இல்லை. எனவே பயிலுநர்களுடன் தனியாகக் கதைக்க நேரம் கேளுங்கள். தரத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விசாவையும் கேளுங்கள். ஜே-1 என்றால், பயிற்சிக்குப் பின் இரண்டு வருடம் நாடு திரும்பவேண்டும். அல்லது விலக்குப் பெறவேண்டும். எச்-1பி தரும் இடங்கள் குறைவு. மூன்றாம் படிப் பரீட்சையும் முன்பே சித்தியடைந்திருக்கவேண்டும். பிள்ளைப்பேற்று விடுமுறையைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு தடவையாவது ஆறு வாரம் முழுச் சம்பளத்துடன் தரவேண்டும் என்பது 2022 முதல் விதி.

ஒவ்வொரு நேர்முகமும் முடிந்த அன்றிரவே இவற்றை எழுதி வையுங்கள். பத்தாவது முடியும்போது முதலாவது மறந்துவிடும். போகவே முடியாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவேண்டாம்; போகக்கூடிய ஒன்றையும் விடவும் வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும், வீட்டார் கடன்பட்டுத் தந்த காசும் போய்விடும்.

வரிசையை நீங்கள்தான் எழுதவேண்டும். எழுதுமுன் கதைக்க ஒரு அக்கா வேண்டுமென்றால், எந்த நேரமும் கூப்பிடுங்கள், நாங்கள் இருக்கிறோம்.