விடைபெறும் வேளை

பொழுது புலருமுன்னரே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நாள் தொடங்கிவிடும். நுவரெலியாவாயினும் ஹட்டனாயினும், பிரட்டுக்களத்தில் பேர் பதிந்தபின் கூடையைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் ஏறுகின்றவர்கள், மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசின் முன் வந்து நிற்கிறார்கள். காலைமுதல் விரல்கள் செய்த வேலைக்கு அந்தத் தராசு சொல்வதே கணக்கு. நேற்று எத்தனை கிலோ பறித்தோம் என்பது இன்றைக்கு உதவாது. இன்றைய கூடையை இன்றே நிரப்பவேண்டும்.

இத்தகைய உழைப்பாளர் மரபிலே தோன்றிய ஒருவர், 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், உலகமே பார்த்திருக்கத் தம்முடைய கடைசிக் கணக்கைத் தீர்க்கவேண்டியவரானார். அவர்தாம் முத்தையா முரளிதரன். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்திருந்த விக்கெட்டுகள் 792. காலி நகரில் இந்திய அணியுடன் நடக்கவிருந்த ஓர் ஆட்டத்தோடு டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலகுவதாக அவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். எண்ணூறை எட்ட இன்னும் எட்டு விக்கெட்டுகள் வேண்டும். கையிலே இருந்ததோ ஒரே ஓர் ஆட்டம்.

இன்னும் ஓரிரு ஆட்டங்களுக்கு அவர் காத்திருந்திருக்கலாமே என்று எவருக்கும் தோன்றும். அவர் ஏன் காத்திருக்கவில்லை என்பதை அறிய, அவர் கடந்துவந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் தமிழகம் திரும்பினார். பிள்ளைகளில் சிலர் இங்கேயே தங்கினர். தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரியூட்டப்பட்டபோது முரளிதரன் ஐந்து வயதுச் சிறுவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த தோட்டத்து மக்களின் வழித்தோன்றல் அவர். அவர்களில் நாடற்றவராகவே எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1992ஆம் ஆண்டில், அம்மக்களின் வழிவந்த ஒருவர் இலங்கைக் கொடியின் கீழே பந்தெறியத் தொடங்கிவிட்டார்.

மலைநாட்டுக்குக் கிரிக்கெட் புதிதன்று. டிக்கோயாவை அடுத்த தர்ராவலையிலும், நானுஓயாப் பக்கத்து ரதெல்லையிலும் வெள்ளைக்காரத் துரைமார் புல்வெளி அமைத்து ஆடினர். அந்நாளில் அது துரைமாரின் ஆட்டம். கொழுந்து பறித்தவர்களுக்கு அது தொலைவிலிருந்து பார்க்கும் வேடிக்கை. அத்தகையவர்களின் பேரன் ஒருவர் அந்த ஆட்டத்தின் தலையாய பந்துவீச்சாளர் ஆனது சிறிய செய்தியன்று.

அந்த உயர்வு அவருக்கு எளிதில் கிட்டவுமில்லை. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மெல்பேர்ன் திடலில் நடுவர் டாரல் ஹேர் அவர் பந்தை ஏழு முறை முறையற்றதென அறிவித்தார். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை அவருடையது. அது எறிதலா, வீசுதலா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆய்வுக்கூடங்களில் அவர் கையை அளந்து பார்த்தனர். பின்னர், எல்லாப் பந்துவீச்சாளரின் கையும் சிறிதளவு நிமிரத்தான் செய்கிறது என்று கண்டு, பதினைந்து பாகை வரை இசைவு தரும் விதி வகுக்கப்பட்டது. சந்தேகப்பட்டவர்கள் பலர் இறுதிவரை சந்தேகப்பட்டனர். அவரோ சொல்லால் வாதாடியதைவிடப் பந்தால் வாதாடியதே மிகுதி. 2007ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், பிறந்த ஊராகிய கண்டியில், அஸ்கிரியத் திடலில், 709ஆவது விக்கெட்டை எடுத்து ஷேன் வோர்னின் சாதனையைக் கடந்தார்.

ஆனால் உடம்பு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் நடந்த மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தவை ஒன்பது விக்கெட்டுகளே. ஒரு காலத்தில் ஒரே ஆட்டத்தில் எடுத்த அளவுதான் அது. நாள்முழுதும் ஒரு முனையிலிருந்து பந்துவீசிய தோளும் மணிக்கட்டும் முழங்காலும் தளர்ச்சியை உணர்த்தின. ஊரார் சொல்லுமுன் தாமே அதை உணர்ந்துகொண்டதுதான் அவருடைய தெளிவு.

இங்கே ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்க்கலாம். டென்னிஸ் ஆட்டத்தில் கென் ரோஸ்வால் 1974ஆம் ஆண்டில், முப்பத்தொன்பது வயதில், விம்பிள்டன் இறுதியாட்டம் வரை சென்றார். கூர்க் மலையிலிருந்து வந்த ரோகன் போபண்ணா, நாற்பத்து மூன்று வயதில், 2024ஆம் ஆண்டில் மெல்பேர்னில் ஆஸ்திரேலிய இரட்டையர் பட்டத்தை வென்றார். டென்னிஸ் வீரர் வென்றால் அடுத்த சுற்றுக்குப் போகிறார்; தோற்றால் வீடு திரும்புகிறார். அவர் எத்தனை ஆண்டு ஆடினாலும் அணியில் வேறொருவருக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதில்லை. கிரிக்கெட்டின் நிலை வேறு. பதினொருவர் கொண்ட அணியில் மூத்தவர் நிற்கும் ஒவ்வொரு நாளும் இளையவர் ஒருவர் வெளியே காத்திருக்கிறார். ஆகவே, எப்போது போவது என்ற கேள்வி அங்கே ஒருவருடைய சொந்தக் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை.

காலி ஆட்டம் ஜூலை 18ஆம் நாள் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பாழாக்கியபின் மீண்டும் கட்டப்பட்ட திடல் அது. இலங்கை 520 ஓட்டங்கள் குவித்தது. இரண்டாம் நாளை மழை முழுதாக விழுங்கியது. ஐந்து நாட்களில் ஒரு நாள் போய்விட, எட்டு விக்கெட்டுக்கான பொழுது மேலும் சுருங்கியது. இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் முரளிதரன் முதலில் வீழ்த்தியது சச்சின் டெண்டுல்கரை. அந்த இன்னிங்ஸில் 63 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள். கணக்கு 797 ஆயிற்று. தொடர்ந்து ஆடப் பணிக்கப்பட்ட இந்தியாவின் யுவராஜ் சிங், நான்காம் நாள் மாலை வீழ்ந்தார். 798.

ஐந்தாம் நாள் காலையில் மீந்திருந்தவை இந்தியாவின் ஐந்து விக்கெட்டுகள். அவற்றில் இரண்டு அவருக்கு வேண்டும். ஹர்பஜன் சிங் 799ஆவது விக்கெட்டானார். ஆனால் மறுமுனையிலே மாலிங்க மின்னல்போல் வீசிக்கொண்டிருந்தார். அணியின் வெற்றிக்கு அது நன்மை. முரளிதரனின் கணக்குக்கோ அது இடர். லக்ஷ்மன் ரன் அவுட் ஆனபோது ஒன்பது பேர் போய்விட்டனர். மீதி ஒரே விக்கெட். அதை வேறொருவர் எடுத்துவிட்டால் 799 என்ற எண்ணோடு வாழ்நாள் முழுதும் வாழவேண்டும். கடைசித் துணையான இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் எளிதில் அசையவில்லை. ஓவர் ஓவராக அவர் வீசினார். இறுதியில் ஓஜாவின் துடுப்பிலே பட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தனவின் கைக்குள் சென்றது. எண்ணூறு! முரளிதரன் வீச ஜயவர்தன பிடித்த பிடிகளில் அது எழுபத்தேழாவது. இலங்கை பத்து விக்கெட்டுகளால் வென்றது.

இதன் சிறப்பு எண்ணிலே மட்டும் இல்லை. எண் கிட்டாமற் போகக்கூடும் என்று தெரிந்தே அவர் நாளைக் குறித்தார். எண்ணுக்காக நாளைத் தள்ளிப்போட்டிருந்தால் எண்ணூறு கிடைத்திருக்கும்; இந்த மதிப்புக் கிடைத்திராது.

ஒரு நாள் ஆட்டத்தில் அவர் இன்னும் சில மாதங்கள் நீடித்தார். 2011 உலகக் கிண்ண அரையிறுதியில், மார்ச் 29ஆம் நாள் கொழும்பில், சொந்த மண்ணில் வீசிய கடைசிப் பந்திலே ஸ்கொட் ஸ்டைரிஸை வீழ்த்தினார். கதை அங்கேயே முடிந்திருந்தால் அழகாயிருந்திருக்கும். ஏப்ரல் 2ஆம் நாள் மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில், காயம்பட்ட உடம்போடு எட்டு ஓவர் வீசி ஒரு விக்கெட்டும் கிட்டாமல், தோற்ற அணியில் ஒருவராகத் திரும்பினார். காலியிலே கனிந்த காலம் மும்பையில் கனியவில்லை. அதையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

அவர் விட்டுச்சென்ற இடம் என்னவாயிற்று? காலி ஆட்டத்தில் மட்டையால் எண்பது ஓட்டம் எடுத்த ரங்கன ஹேரத், அப்போதே முப்பது வயதைக் கடந்தவர்; நெடுங்காலம் நிழலிலே நின்றவர். 2018ஆம் ஆண்டில் அதே காலித் திடலில் அவர் விடைபெற்றபோது அவருடைய விக்கெட்டுகள் 433. அவற்றுள் பெரும்பாலானவை முரளிதரன் விலகிய பின்னர் வந்தவை.

ஒருவர் எடுத்த எண்ணூறு விக்கெட்டுகளால் லயத்துக் கூரை உயர்ந்துவிடாது, நாட்கூலியும் கூடிவிடாது. அவருடைய அரசியற் கருத்துகளை ஏற்காத தமிழரும் பலர் உளர். ஆயினும் தோட்டத்து மக்கள் அவர் வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. கூடையை நிரப்புவது உழைப்பு. அந்தி சாயுமுன் அதைத் தாமே இறக்கி வைத்து, அடுத்தவர் ஏறிவர வழிவிடுவது, உழைப்பைக் காட்டிலும் அரிய பண்பு.