களவு போன ஆயுதமும் உடையவரின் பொறுப்பும்





இன்றைய உரைக்கான பொருள் ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து பிறந்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்ந்து வருகின்றார். சட்டம் அனுமதிப்பதால் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கித் தம் காரில் வைத்திருந்தார். ஓரிரவு குடியிருப்பின் முன் காரை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றவர், காலையில் வந்து பார்த்தபோது கண்ணாடி உடைந்து கிடந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த துப்பாக்கியைக் காணவில்லை. அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், பறிகொடுத்தவன் நான். ஆனாலும் உறக்கம் வரவில்லை. அந்தத் துப்பாக்கியால் எவரேனும் கொல்லப்பட்டால் அல்லாஹ்விடம் நான் என்ன பதில் சொல்வேன்?"

துப்பாக்கியைக் கண்ணால்கூடக் காணாத நமக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம்மவர் பிள்ளைகள் அங்கே வாழ்கின்றார்கள். மேலும், அவர் கேட்ட கேள்வி அமானிதத்தைப் பற்றியது. அது எந்த ஊருக்கும் அந்நியமானதன்று.

முதலில் அந்நாட்டு நிலையைச் சொல்லிவிடுகின்றேன். துப்பாக்கி வன்முறையை எதிர்த்து இயங்கும் எவ்ரிடவுன் என்னும் அமைப்பு எஃப்.பி.ஐ. புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒரு கணக்கெடுத்தது. 337 நகரங்களில் 2022ஆம் ஆண்டில் களவு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,12,000. அவற்றுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவை வாகனங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பத்தாண்டுகளுக்கு முன்பு இது கால்பங்கு அளவே இருந்தது. அவ்வாகனங்களுள் பெரும்பாலானவை உடையவரின் வீட்டு வாசலிலோ வீட்டருகிலோ நின்றவை. "என் வீட்டு முன்புதானே நிற்கிறது" என்ற நிம்மதியே திருடனுக்கு வழி திறந்துவிடுகிறது.

அருமைச் சகோதரர்களே! அம்புகளுடன் மஸ்ஜிதுக்குள் வந்த ஒருவரைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், அவற்றின் கூர்முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உள்ளது. அம்மனிதர் எவரையும் தாக்க வந்தவரல்லர். அம்பு வைத்திருந்தது குற்றமும் அன்று. நெரிசலில் யாரோ ஒருவர் மீது தவறுதலாகக் கீறல் படக்கூடாது என்பதே நோக்கம். ஒரு கீறலுக்கே இத்தனை எச்சரிக்கை என்றால், தோட்டா நிரப்பிய துப்பாக்கியை ஒரு கண்ணாடிச் சில்லின் பாதுகாப்பில் விட்டுச் செல்வதை என்னவென்று சொல்வது?

அதே நூலில் மற்றொரு செய்தி. இரவில் உறங்கும் முன் விளக்கை அணைத்துவிடுமாறு நபியவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். தீ வைப்பது எலிதான், வீட்டுக்காரர் அல்லர். இருந்தும் கட்டளை வீட்டுக்காரருக்கே வந்தது. எலிக்குக் கட்டளையிட்டுப் பயனில்லை, திருடனுக்கும் அப்படித்தான்!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். இங்கே அதனினும் நெருக்கமாகப் பொருந்தும் ஒட்டகம் ஒன்று உண்டு. பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்துக்குள் புகுந்து பாழ்படுத்திவிட்டது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை, இரவில் கால்நடையைக் காப்பது அதன் உடையவர் கடமை, இரவில் அது விளைத்த சேதத்துக்கு உடையவரே பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. அவர் ஒட்டகத்தை ஏவிவிடவில்லை. காக்க வேண்டிய நேரத்தில் காக்கவில்லை, அவ்வளவே.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒட்டகத்துக்குச் சுயபுத்தி இல்லை, திருடனுக்கு உண்டு. ஒரு செயலை நேரடியாகச் செய்தவரும் அதற்குக் காரணமானவரும் ஒன்றுசேர்ந்தால், தீர்ப்பு நேரடியாகச் செய்தவர் மீதே சாரும் என்பது ஃபிக்ஹின் விதி. ஆகவே கொலைக்குற்றம் கொன்றவனுடையதே. அந்தப் பிள்ளையைக் கொலையாளி என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

உலக நீதிமன்றமும் இதே இடத்தில் வந்து நின்றதுண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், நடுவண் அரசின் நில நிர்வாகத் துறைக் காவலர் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் காரை நிறுத்திவிட்டுச் சென்றார். தோட்டா நிரப்பிய துப்பாக்கி காருக்குள் ஒரு பையில் இருந்தது. கண்ணாடியை உடைத்து யாரோ பையை எடுத்துச் சென்றனர். நான்கு நாட்களில், ஜூலை முதல் தேதி, அந்நகரின் படகுத்துறை ஒன்றில் தந்தையுடன் உலாவிக்கொண்டிருந்த 32 வயதுப் பெண்ணின் முதுகில் அதே துப்பாக்கியின் தோட்டா பாய்ந்தது. தரையில் பட்டுத் தெறித்து வந்த தோட்டா! தந்தையின் கண்ணெதிரே மகள் சாய்ந்தாள்.

சுட்டவர் அனுமதியின்றிக் குடியேறியவர் என்பதால் அந்நாட்டு அரசியல் முழுதும் குடியேற்றத்தையே பேசிற்று. காருக்குள் துப்பாக்கியை விட்டுச் சென்றதைப் பற்றி எழுந்த ஓசை அதன் முன் மிகச் சிறிது. 2017இல் ஜூரிகள் சுட்டவரைக் கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தனர். பெண்ணின் குடும்பத்தார் காவலரின் கவனக்குறைவுக்காக அரசின் மீது தொடுத்த வழக்கும் 2021இல் மேல்முறையீட்டில் தோற்றது. காரில் விட்ட செயலுக்கும் மரணத்துக்கும் இடையே தொடர்பு மிகத் தொலைவானது என்று நீதிபதிகள் கண்டனர். சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். ஆனால் சட்டமன்றம் வாளாவிருக்கவில்லை. காவல் துறையினர் ஆளில்லா வாகனத்தில் கைத்துப்பாக்கியை விடும்போது பூட்டி வைத்தே ஆகவேண்டும் என்று கலிபோர்னியா 2016இல் சட்டம் இயற்றியது. கொலராடோவில் 2025 ஜனவரி முதல் ஏனையோருக்கும் இதுபோன்ற விதி உண்டு: உறுதியான பெட்டியில் பூட்டி, வெளியே தெரியாதவாறு வைத்து, வாகனத்தையும் பூட்ட வேண்டும்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. இனி நிகழக்கூடிய கொலை உம்முடையதன்று. ஆனால் பேணாமல் விட்டது உம்முடையது. அதற்குத் தவ்பா வேண்டும். "மன்னித்துவிடு" என்று நாவால் கூறுவதோடு தவ்பா முடிவதில்லை. சீர்செய்ய இயன்றதைச் சீர்செய்வதும் அதில் அடங்கும்.

"போலீசில் சொன்னீரா?" என்று கேட்டேன். சொல்லவில்லையாம். உரிமம் பெற்ற வியாபாரி களவு போனதை 48 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்று நடுவண் சட்டம் கட்டளையிடுகிறது. தனி மனிதருக்கு அத்தகைய நடுவண் சட்டம் இல்லை. டெக்சாஸ் மாநிலத்திலும் இல்லை. "சட்டம் கேட்கவில்லையே, வெட்கமாகவும் இருந்தது" என்றார். முதல் தவறு மறதியாக இருக்கலாம். இந்த மௌனம் தெரிந்தே செய்வது. எண் பதிவானால்தான் அத்துப்பாக்கி எங்கேனும் அகப்படும்போது களவுப் பொருள் என்று அறியப்படும். எண்ணைக் குறித்து வைக்கவில்லை என்றார். வாங்கிய கடையில் விற்பனைப் படிவம் இருக்கும், போய்க் கேளும் என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். அந்நாட்டுப் பள்ளிவாசல்கள் மீது தாக்குதல் அச்சம் எழுந்தபின் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் தொழுகையாளிகள் உண்டு. உள்ளே கொண்டுவரத் தயங்கி அதைக் காரில் வைத்துவிட்டு ஜும்ஆவுக்கு வருவோர் எத்தனை பேரோ! எல்லோரும் ஸஜ்தாவில் இருக்கும் நேரம் எது என்பது வாகன நிறுத்துமிடத்தை நோட்டமிடுபவனுக்கும் தெரியும். காரின் சட்டத்தோடு பிணைக்கப்பட்ட இரும்புப் பெட்டி இல்லையெனில், அன்று துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

மறுநாளே அவர் கடைக்குச் சென்று எண்ணைப் பெற்று, காவல் நிலையத்தில் பதிவு செய்துவிட்டார். துப்பாக்கி இன்னும் கிடைக்கவில்லை. நம் ஜமாஅத்திடம் துஆ கேட்டிருக்கின்றார். யா அல்லாஹ், அந்த ஆயுதம் எவருடைய உயிரையும் தீண்டுமுன் மீட்கப்படச் செய்வாயாக! ஆமீன்.